மாதக் கடைசி நாளில் மட்டும் வரும் வாடிக்கையாளர்

கணக்கக்கா படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஆகவே நாலே முக்கால் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நாலே முக்காலை வைத்துக்கொண்டு ஒரு கயிறு கம்பெனியின் கணக்கை இருபத்து மூன்று வருடம் தனியாளாகக் கட்டி மேய்த்தாள். பட்டம் சுவரில் தொங்கும். புத்தி தலைக்குள் இருக்க வேண்டும். இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தக் கதையை இங்கேயே மூடிவைத்துவிடலாம், யாருக்கும் வருத்தமில்லை.

கம்பெனி என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. முன்னால் கடை, பின்னால் கிடங்கு, நடுவில் ஒரு நீள மேசை. மேசையில் மீட்டருக்கு ஒரு பித்தளை ஆணி அடித்திருக்கும். மேசைக்குப் பக்கத்திலேயே கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. அதுதான் கணக்கக்காவின் ராஜ்யம். கயிறு கிலோ கணக்கில் சுருள் சுருளாக வந்து இறங்கும். மீட்டர் கணக்கில் துண்டு துண்டாக வெளியே போகும். வெட்டுக்காரர் மேசையில் ஆணிக்கு ஆணி இழுத்து அளப்பார். அளந்து முடித்ததும் கையை விரித்து ஒரு சாண் கூடுதலாக வைத்து, அதற்கப்புறம்தான் கத்தியைப் போடுவார்.

அந்த ஒரு சாண் முதலாளியின் சட்டம்.

"கயிறு ஒரு சாண் குறைஞ்சா வாளி தண்ணியத் தொடாது. ஒரு சாண் கூடிப்போச்சுன்னு எவனும் இதுவரைக்கும் சண்டைக்கு வந்ததில்ல," என்பார் முதலாளி. தலையில் சுருள் சுமந்து தெருத்தெருவாக விற்றுக் கடை வைத்த மனுஷன். பேச்சில் கொஞ்சம் காற்று அதிகம் இருக்கும். ஆனால் சரக்கில் இருக்காது.

அவரிடம் இன்னொரு சட்டமும் உண்டு. தன் கடைக் கணக்கில் 'நஷ்டம்' என்றோ 'கழிவு' என்றோ ஒரு வரி இருக்கக் கூடாது. எழுதினால் வந்துவிடுமாம்.

இப்போது இரண்டு சட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு எண்பது துண்டு வெட்டுகிறார்கள். எண்பது துண்டுக்கு எண்பது சாண் ஓசியில் போகிறது. மாதக் கடைசியில் கணக்குப்படி இருக்க வேண்டிய கயிறு வேறு, கிடங்கில் கிடக்கும் கயிறு வேறு. வித்தியாசத்தைக் கழிவு என்று எழுதவும் கூடாது. அவளுக்கு முன்னால் இருந்த கணக்கர், பட்டதாரி, மூன்று மாதம் இதோடு மல்லுக்கட்டினார். நான்காவது மாதம் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனவர், குடைக்காகவாவது திரும்பி வருவார் என்று நம்ப வழியில்லாதபடி குடையோடேயே போய்விட்டார்.

அப்போது கணக்கக்கா கிடங்கில் சுருளுக்குச் சீட்டுத் தைக்கும் வேலையில் இருந்தாள். சீட்டில் இருக்கும் எண்களை மனதுக்குள் கூட்டிக்கொண்டே தைப்பாள். முதலாளி ஒருநாள் அவள் வாயசைவதைப் பார்த்துவிட்டு, "என்ன முணுமுணுக்கிறே?" என்றார்.

"இந்த அடுக்குல இருக்கிறது முன்னூத்து எழுபத்தாறு கிலோ முதலாளி."

எடை போட்டுப் பார்த்தார்கள். முன்னூற்று எழுபத்தாறு. மறுநாள் அவள் ஜன்னல் அறைக்குக் குடிபெயர்ந்தாள். அன்றிலிருந்து முதலாளிக்கு அவள் பெயர் 'கணக்கு'. மற்றவர்களுக்குக் கணக்கக்கா.

முதல் மாதக் கடைசியில் நானூற்றுச் சொச்சம் மீட்டர் இடித்தது. நாலே முக்கால் வகுப்பு மூளை ஒரு நிமிடம் யோசித்தது. அந்தக் கடைப் பேரேட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. படகுக்காரர், கூடாரக்காரர், லாரிக்காரர் என்றுதான் எழுதுவார்கள். அவர்களுக்கு நடுவில் அவள் புதிதாக ஒருவரை உட்கார வைத்தாள். மேட்டுக்காரர். அவருக்கு அந்த நானூற்றுச் சொச்சத்தையும் விற்றதாகப் பில் போட்டாள். விலை: பூஜ்யம். கணக்கு நேரானது. நஷ்டமும் இல்லை, கழிவும் இல்லை. அதற்கப்புறம் மேட்டுக்காரர் மாதக் கடைசி நாள் தவறாமல் வந்து, மிச்சம் மீதியை எல்லாம் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு போனார். நல்ல மனுஷர். பேரம் பேசமாட்டார், திருப்பித் தரமாட்டார். ஒரே ஒரு குறை: ஆள் இல்லை.

அவரைப் பற்றி அவள் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்கு, பழைய கம்ப்யூட்டர் கட்டையைப் போட்டது. அவள் ஜன்னல் அறைக்கு வந்த நாளிலிருந்தே அங்கிருக்கும், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வரும் பெட்டி அது. பில் மட்டும் போடத் தெரியும், வேறொன்றும் தெரியாது. அதைச் செய்தவர்கள் கடையை மூடிக்கொண்டு போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மழை பெய்தால் படுத்துக்கொள்ளும். உச்சந்தலையில் ஒன்று வைத்தால் எழுந்திருக்கும். ஒருநாள் எத்தனை வைத்தும் எழுந்திருக்க அரை நாள் ஆனது. அந்த அரை நாளில்தான் முதலாளியின் மாப்பிள்ளை கடைக்குள் மடிக்கணினியோடு நுழைந்தார்.

மாப்பிள்ளை படித்தவர். கெட்டவர் இல்லை, படித்தவர் அவ்வளவுதான். "மாமா, இனிமே சரக்கு, பில், கணக்கு எல்லாம் ஒரே சாஃப்ட்வேர்ல வந்துடணும். மூணு கம்பெனியை வரச் சொல்லியிருக்கேன். மார்க் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம்," என்று நூறு மார்க்குக்கு ஒரு தாள் நீட்டினார். தோற்றத்துக்கு இருபது, வேகத்துக்கு இருபது என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது.

முதலாளி தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "நாளெல்லாம் இதோட குடும்பம் நடத்தப்போறது கணக்குதான். மார்க்கும் அதுவே போடட்டும்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கணக்கக்கா தாளை மடித்து வைத்துவிட்டுத் தன் பங்குக்கு மூன்று கேள்வி தயார் செய்தாள். ஒன்று: கிலோவில் வாங்கிய சுருளிலிருந்து முப்பத்தேழரை மீட்டர் விற்க வேண்டும். இரண்டு: மழையில் நனைந்த சுருள் ராத்திரியோடு ராத்திரியாக மூன்று கிலோ ஏறிவிடும், அதற்கு என்ன பதில். மூன்று: படகுக்காரர் ஐம்பது மீட்டர் வாங்கிப்போய், ஒரு மாதம் கழித்து இருபது மீட்டரை மீன் வாசனையோடு கொண்டுவந்து, 'இதுக்குப் பதிலா தடிச்ச கயிறு கொடு' என்பார்.

முதலில் வந்தவர் கழுத்தில் டை கட்டியிருந்தார். அவருடைய சாஃப்ட்வேரில் கலர் கலராக வட்டங்கள் சுழன்றன. மாப்பிள்ளை மயங்கி நின்றார். கணக்கக்கா, "அழகா இருக்கு தம்பி. இப்போ படகுக்காரருக்கு ஒரு பில் போடுங்க," என்றாள். நிஜமாகவே படகுக்காரர் மேசையருகே நின்றிருந்தார்.

டைக்காரர் தட்டினார். 'இருப்பு இல்லை' என்று சிவப்பாக வந்தது. அன்று காலையில்தான் சுருள் வந்து இறங்கியிருந்தது. மில்லிலிருந்து அதற்கு பில் வரவில்லை, அதனால் ஏற்றவில்லை.

"பில் வந்து ஏத்தின பிறகுதான் விக்க முடியும் மேடம். சிஸ்டத்துல இல்லைன்னா இல்லதான்."

படகுக்காரர் தன் முகத்துக்கு நேரே தொங்கிய சுருளைப் பிடித்து ஆட்டினார். "அப்போ இது என்னங்க, பாம்பா?"

டைக்காரர் கிளம்பும்போது தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள்.

இரண்டாவதாக இருவர் வந்தார்கள். ஒருவர் பேச, இன்னொருவர் தட்டினார். முப்பத்தேழரையை முப்பத்தெட்டு என்று எழுதியது அவர்கள் பெட்டி. பேசுகிறவர், "அரை மீட்டர்தானே மேடம், கஸ்டமருக்குச் சேர்த்தே கொடுத்துடுங்க," என்றார். கயிறு நனைந்தால்? "நனையாம பார்த்துக்குங்க." மீன் வாசனைக் கயிறு? இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒரு குணம்: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பிறந்தநாள் எழுதாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவே விடாது. கூடாரக்காரரை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவருக்கே தெரியவில்லை, பெண்டாட்டியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பட்டியலில் அடுத்து இருந்த மேட்டுக்காரருக்கும் கேட்டது. பெற்றவள் அவள்தானே, நல்ல நாளாகப் பார்த்து ஒன்று வைத்தாள். வருகிற வருடம் அவருக்கு வாழ்த்து அட்டை தானாகவே போகும் என்று பேசுகிறவர் பெருமையாகச் சொன்னார். எந்த விலாசத்துக்கு என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண். ஹெல்மெட்டோடேயே உள்ளே வந்து, கழற்றிவிட்டு ஐந்து தும்மல் தும்மினாள். "தூசிங்கக்கா, மன்னிச்சுக்குங்க," என்று உட்கார்ந்தாள். மாப்பிள்ளை கடை வாசலில் ஃபோனில் இருந்தார்.

கணக்கக்கா மூன்று கேள்வியையும் கேட்டாள். பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டே தட்டினாள். கிலோ ஒரு பக்கம், மீட்டர் ஒரு பக்கம். முப்பத்தேழரை முப்பத்தேழரையாகவே நின்றது. நனைந்த சுருளுக்கு 'எடை மட்டும் மாறும், நீளம் மாறாது' என்று ஒரு குறி இருந்தது. மீன் கயிற்றைத் தனி அலமாரியில் வைத்துக்கொண்டது. கணக்கக்காவுக்கு உள்ளுக்குள் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

"பழைய பெட்டியில இருக்கிற பில்லை எல்லாம் இழுத்துக் காட்டட்டுமாக்கா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இழுத்தாள். இருபத்து மூன்று வருடம் பத்து நிமிடத்தில் வந்து இறங்கியது. பெண் திரையைப் பார்த்தாள். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, இந்த மேட்டுக்காரருக்கு ஃபோன் நம்பரே இல்லையே."

"அவர் ஃபோன் வச்சுக்கறதில்லம்மா."

"மாசக் கடைசி நாள் மட்டும்தான் வர்றாரு. கடை லீவு நாள்லகூட வந்து வாங்கியிருக்காரு."

"பழக்கமானவரு. திறந்து கொடுப்போம்."

"இரண்டாயிரம் தடவை வந்த லாரிக்காரரைவிட இவர்தான் அதிக மீட்டர் வாங்கியிருக்காரு. முதலிடம்." பெண் தும்மிவிட்டுச் சிரித்தாள். "பயப்படாதீங்கக்கா. நான் போற கம்பெனியில எல்லாம் இப்படி ஒருத்தர் இருக்காரு. போன வாரம் ஒரு பெயின்ட் கடை. அங்க 'சித்தி'ன்னு ஒருத்தங்க. மாசம் நாற்பது லிட்டர் வாங்குறாங்க, எந்த வீட்டுக்கு அடிக்கிறாங்கன்னுதான் தெரியல."

கணக்கக்கா சிரிக்கவில்லை. விலை பூஜ்யம் போட்டு ஒருவருக்கு இருபத்து மூன்று வருடம் கயிறு போயிருக்கிறது என்றால், பார்க்கிறவன் சாண் கணக்கா பார்ப்பான்? பின்வாசல் வழியாகப் போயிருக்கிறது என்பான். ஒரு முழம் கயிறுகூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவள் அவள். துணி காயப்போடும் கொடிக்குக்கூடப் பக்கத்துக் கடையில் காசு கொடுத்து வாங்கியவள்.

அன்று சாயங்காலம் மார்க் தாள் நிரம்பியது. டைக்காரருக்கு நாற்பது. பேசுகிறவர்-தட்டுகிறவருக்கு எண்பத்து நான்கு. ஹெல்மெட்காரிக்கு முப்பத்தொன்று. காரணம் எழுதும் கட்டத்தில், 'விற்பவர் தும்முகிறார்' என்று எழுதினாள்.

வீட்டில் அவள் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். ஒரு பழைய பூட்டின் வயிற்றைப் பிரித்து வைத்துக்கொண்டே கேட்டார். "எண்பத்து நாலு வாங்கினது நல்ல சாமானா?"

"நல்ல சாமானா இருந்தா நான் ஏன் எண்பத்து நாலு போடறேன்?"

"சரிதான். திருடன் வந்தா திறந்துவிடுற பூட்டா பார்த்து மாட்டியிருக்கே."

"நான் திருடியாங்க?"

"நான் சொல்லலம்மா. நீ போட்ட மார்க் சொல்லுது."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அவள் போய்ச் சேர்வதற்குள் கடை கலகலவென்று இருந்தது. ஹெல்மெட்காரி தன் சாஃப்ட்வேரை ஒரு வாரம் ஓட்டிப்பார்க்கச் சொல்லி விட்டுப்போயிருந்தாள். மாப்பிள்ளை அதைத் திறந்து ஒரு தாள் அச்சடித்து மாமனார் முன்னால் வைத்திருந்தார்.

"மாமா, அளவுல நம்ம முதல் வாடிக்கையாளர் யார் தெரியுமா? மேட்டுக்காரர். இருபத்து மூணு வருஷத்துல ஒரு மாசம்கூடத் தவறல. இவரை உங்களுக்குத் தெரியுமா?"

தன் வாடிக்கையாளரைத் தனக்குத் தெரியாது என்று சொல்லும் ரகமில்லை முதலாளி. நாக்கு அறுந்தாலும் சொல்லமாட்டார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"தெரியுமாவா? நல்லா கேட்டீங்க மாப்பிள்ளை. நான் தலையில சுருள் சுமந்த காலத்துலயே என்கிட்ட வாங்கினவன். நல்ல உயரம். மீசை இந்தா, இங்க வரைக்கும் இருக்கும். முதலாளி, உன் கயிறு இல்லாட்டி என் வீட்ல ஒரு வேலை நடக்காதும்பான்."

கணக்கக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் பெற்ற பிள்ளைக்கு மீசை முளைத்த சேதி அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்போ அவருக்கு வெள்ளிக்கிழமை கடையில வச்சு ஒரு மரியாதை செஞ்சுடுவோம்," என்றார் மாப்பிள்ளை. "விலாசம் கொடுங்கக்கா, நானே கார்ல போய்க் கூட்டிட்டு வரேன்."

"பார்த்துச் சொல்றேன் தம்பி," என்று ஜன்னல் அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

வழி திறந்துதான் இருந்தது. மேட்டுக்காரர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்றால் போதும். முதலாளியே சாட்சிக்கு வருவார், போன வாரம் வழியனுப்பி வைத்ததாகக்கூடச் சொல்வார். எண்பத்து நான்கு மார்க் பெட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். அரை மீட்டரை எல்லாம் விழுங்கி, பொய்யான இருப்பைக் காட்டிக்கொண்டே இருக்கும். அவளும் மாதக் கடைசியில் ஒரு பொய்யைப் பெற்றுப்போட்டுக்கொண்டே இருக்கலாம். மேசை விளிம்பில் கிடந்த மார்க் தாளைப் பார்த்தாள். 'விற்பவர் தும்முகிறார்' என்று தன் கையெழுத்திலேயே இருந்தது. இருபத்து மூன்று வருடத்தில் அவள் எழுதிய வரிகளிலேயே அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. மேட்டுக்காரரை அவள் கணக்கு நேராவதற்காகப் பெற்றாள். இந்த வரியைத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதினாள். இரண்டும் ஒன்றில்லை.

புதுத் தாள் எடுத்தாள். ஹெல்மெட்காரிக்குத் தொண்ணூற்றாறு. காரணக் கட்டம் போதவில்லை. பின்பக்கம் திருப்பி, மேட்டுக்காரர் யார், எப்படிப் பிறந்தார், என்ன சாப்பிட்டார் என்று எல்லாவற்றையும் எழுதினாள். கொண்டுபோய் முதலாளியின் முன்னால் வைத்தாள்.

முதலாளி உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். படித்து முடித்து உதட்டுக்கு மேலே தடவிக்கொண்டார். பிறகு மெதுவாக, "அப்போ அவனுக்கு மீசை இல்லியா?" என்றார்.

"ஆளே இல்ல முதலாளி."

மாப்பிள்ளை தாளைப் பிடுங்கிப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது. "மாமா, விளையாட்டில்ல இது. ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் மீட்டர். விலை பூஜ்யம். எல்லாம் சாண்ல போச்சுன்னு அக்கா சொல்றாங்க. போகலைன்னா? எப்படி நம்புறது?"

"என் வாய் வார்த்தைதான் தம்பி. வேற சாட்சி இல்ல."

முதலாளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

ஹெல்மெட்காரியை ஃபோன் போட்டு வரவழைத்தார் மாப்பிள்ளை. அவள் மேட்டுக்காரரைப் படமாகப் போட்டுக் காட்டினாள்: மாதா மாதம் அவர் வாங்கியது ஒரு கோடாக ஓடியது. முதல் பதினோரு வருடம் நானூற்று ஐம்பத்தொன்பது மீட்டர் சுமாருக்கு நேராகப் போன கோடு, ஒரு மாதம் சட்டென்று படியிறங்கியது. அதற்கப்புறம் முன்னூற்று எழுபத்தேழு.

மாப்பிள்ளை விரலை அந்தப் படியில் வைத்தார். "இங்க ஏன் குறைஞ்சுது? சாண்தானே போச்சு, சாண் எப்படிக் குறையும்? யாரோ பார்த்துட்டாங்கன்னு பயந்து குறைச்சுக்கிட்டீங்களா?"

கணக்கக்கா எழுதியது எல்லாம் கிடங்கில் என்ன குறைந்ததோ அது. ஏன் குறைந்தது என்று அவள் யோசித்ததே இல்லை. கண் தானாக ஜன்னலுக்குப் போனது. வெளியே வெட்டுக்காரர் லாரிக்காரருக்குக் கயிறு இழுத்து, கையை விரித்து மேசையில் பதித்தார். குட்டிக் கை. விரலெல்லாம் பென்சில் மாதிரி இருக்கும்.

"ஏம்மா, அந்தப் படி எந்த வருஷம், எந்த மாசம்?"

பெண் சொன்னாள்.

"பழைய வெட்டுக்காரர் வேலையை விட்ட மாசம் அது," என்றாள் கணக்கக்கா. "இவர் வந்த மாசம்."

பழைய வெட்டுக்காரரைக் கடையில் பெரியகை என்பார்கள். இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டில் இருக்கிறார். ஆள் அனுப்பினார்கள். சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே வந்தவர், "என்ன, திரும்பவும் வேலைக்கா? அப்பவே சொன்னேன், நானில்லாம இந்தக் கடை நடக்காதுன்னு," என்றார்.

"கையைக் காட்டுங்கண்ணே," என்றாள் கணக்கக்கா.

மேசையில் கையை விரித்தார். மாப்பிள்ளையே அளவு நாடாவைப் பிடித்தார். இருபத்து மூன்று சென்டிமீட்டர். பக்கத்தில் இப்போதைய வெட்டுக்காரர் விரித்தார். பத்தொன்பது.

"இன்னும் கொஞ்சம் விரிச்சா இருபது வரும்," என்றார் வெட்டுக்காரர் மனம் நொந்து.

"உன் கை எங்க பேத்தி கை மாதிரி இருக்குப்பா," என்றார் பெரியகை.

பெண் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தாள். மாதத்துக்குச் சராசரி எத்தனை துண்டு வெட்டினார்கள் என்று கணக்கக்காவுக்குக் கைக்கணக்கில் ஒருநாளும் தெரிந்ததில்லை. அந்தப் பெட்டி மூச்சு விடும் நேரத்தில் சொல்லியது. இரண்டாயிரம் துண்டு. இருபத்து மூன்றால் பெருக்கினால் நானூற்று அறுபது மீட்டர். மேட்டுக்காரர் வாங்கியது நானூற்று ஐம்பத்தொன்பது. பத்தொன்பதால் பெருக்கினால் முன்னூற்று எண்பது. அவர் வாங்கியது முன்னூற்று எழுபத்தேழு.

மாப்பிள்ளை ஒருமுறைக்கு இரண்டுமுறை பெருக்கிப் பார்த்தார். படித்தவர் அல்லவா, ஒருமுறையில் நம்பமாட்டார். பிறகு, "மூணு மீட்டர் குறையுதே?" என்றார், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

வெட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "என் மச்சான் கயிறு வாங்க வருவான் சார். அவனுக்கு மட்டும் நான் சாண் போடறதில்ல."

பெரியகைதான் முதலில் சிரித்தார். மாப்பிள்ளை கணக்கக்காவின் பக்கம் திரும்பி, "அக்கா, நான் கேட்டதைத் தப்பா எடுத்துக்காதீங்க," என்றார்.

"கேட்டது சரிதான் தம்பி. கேட்காம விட்டிருந்தா நீங்க எதுக்கு?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள, தூசி என்று ஒரு காரணம் பக்கத்திலேயே தும்மிக்கொண்டிருந்தது.

முதலாளி இது எதிலும் கலந்துகொள்ளாமல் விரலை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். "ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் மீட்டர்னா எத்தனை கிலோமீட்டர் கணக்கு?"

"நூத்துப் பதினைஞ்சு முதலாளி."

"நூத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர் கயிறு நான் சும்மா கொடுத்திருக்கேன்." எழுந்து நின்றார். "எவன் கொடுப்பான்? மாப்பிள்ளை, உங்க காலேஜ்ல இதைச் சொல்லிக்கொடுத்தாங்களா?"

தொண்ணூற்றாறு மார்க் வாங்கியது அந்த வாரமே கடைக்கு வந்தது. துண்டுக்குப் பத்தொன்பது சென்டிமீட்டர் தானாகக் கழிய வழி செய்துகொடுத்தாள் பெண். அந்த வரிக்கு என்ன பெயர் வைப்பது என்று அரை மணி நேரம் விவாதம் நடந்து, 'கைமிச்சம்' என்று முடிவானது. முதலாளிக்கும் ஆட்சேபணை இல்லை. மேட்டுக்காரர் முந்தின மாதத்தோடு வாங்குவதை நிறுத்திக்கொண்டார்.

முதல் மாதக் கடைசி வந்தது. கணக்கக்கா ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு, கைகட்டி உட்கார்ந்து, கிடங்கில் அளந்து வரச் சொன்னாள். சரியாக வரவேண்டும். வரவில்லை. அறுபத்து நான்கு மீட்டர் இடித்தது.

பெட்டியைச் சந்தேகப்பட்டாள். பெண்ணை ஃபோனில் கூப்பிட்டாள். பெட்டியில் குறையில்லை என்றாள் பெண். கணக்கக்கா வெட்டுக்காரரை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். "உண்மையைச் சொல்லு. கை வளர்ந்துடுச்சா?"

வெட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நான் பத்தொன்பதுதான் போடறேங்கக்கா. முதலாளிதான். இப்பல்லாம் தினமும் மேசைக்கிட்ட வந்து நின்னுக்கிட்டு, வர்றவங்ககிட்ட நூத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர் கதையைச் சொல்றாரு. சொல்லி முடிச்சதும், போடு இன்னொரு சாண்ங்கறாரு. அவங்க கைதட்டினா மூணாவது சாண் வேற."

கணக்கக்கா திரும்பி உட்கார்ந்தாள். புது வாடிக்கையாளர் ஒருவரைச் சேர்த்தாள். இந்த முறை ஃபோன் நம்பர், விலாசம், எல்லாம் எழுதினாள். அறுபத்து நான்கு மீட்டர், முழு விலை. அச்சடித்துக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முதலாளி உதட்டை அசைத்துப் படித்தார். மேலே எழுதியிருந்த பெயரில் வந்து உதடு நின்றது. முதலாளி என்று இருந்தது.

"என்ன கணக்கு இது? என் கடையில எனக்கே பில்லா?"

"நஷ்டம்னு எழுதக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே முதலாளி. அதான் விற்பனைன்னு எழுதிட்டேன்."

முதலாளி பில்லைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். மாப்பிள்ளை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றிருந்தார். கடைசியில் முதலாளி சட்டைப் பைக்குள் கையை விட்டு, பணத்தை எடுக்காமலேயே கையை அங்கேயே வைத்துக்கொண்டு, "பழைய ஆளுக்குத் தள்ளுபடி ஏதாவது உண்டா?" என்றார்.

"இருக்கு. ஆனா பெட்டி காரணம் கேட்குது முதலாளி," என்றாள் கணக்கக்கா. "என்ன எழுதட்டும்?"

'நஷ்டம்' என்ற வார்த்தை முதலாளியின் உதடு வரைக்கும் வந்துவிட்டு உள்ளே போனது. பிறகு பணத்தை எடுத்து எண்ண ஆரம்பித்தார்.